பெரியம்மாவை உட்கார வைத்தவர்

கப்பலை மிதக்க வைப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் லட்சம் பேர் இருப்பார்கள். மூழ்க வைப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். இருபத்தாறு வருஷம் வாங்கினார். ஓய்வுபெற்ற அன்று, மிகச் சிறப்பாக மூழ்கடித்தார் என்று பாராட்டுப் பத்திரமும் கொடுத்து அனுப்பினார்கள்.

கப்பற்படையில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். கொத்தனார்கள் சுவர் மேல் வைத்துப் பார்ப்பார்களே, கட்டைக்குள் ஒரு கண்ணாடிக் குழல், குழலுக்குள் ஒரு குமிழி, அதுதான் ரசமட்டம். குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி, ஓரம் போனால் தப்பு. இவருடைய அப்பா கொத்தனார். பிள்ளை பேசக் கற்பதற்கு முன்னால் குமிழி பார்க்கக் கற்றுக்கொண்டது. தொட்டிலில் கிடந்தபோதே ஒரு பக்கத்துக் கயிறு நீளம் என்று இரண்டு நாள் விடாமல் அழுததாகவும், கயிற்றை ஒரு விரற்கடை ஏற்றிக் கட்டியதும் தூங்கிப் போனதாகவும் அவருடைய அம்மா சொல்வார். முதலில் நான் நம்பவில்லை. வளர்ந்த பிறகு அவர் செய்ததையெல்லாம் பார்த்த பின்னால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

பேருந்தில் ஏறினால் இருக்கை தேட மாட்டார். எந்தப் பக்கம் ஆள் குறைவு என்று பார்த்து அந்தப் பக்கம் நிற்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "அக்கா, நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வர்றீங்களா, வண்டி சாயுது" என்று முன்பின் தெரியாதவர்களை இடம் மாற்றுவார். ஒரு ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "இப்ப நீங்க இறங்கினா ரெண்டு பக்கமும் சரியாயிடும்" என்று இறக்கிவிட்டார். இவர் நடைபாதையில் நின்று குனிந்து பார்த்துவிட்டு, ஓட்டுநர் சொன்னது சரிதான் என்று தலையசைத்தாராம்.

வீட்டில் மொட்டைமாடித் தொட்டி நிரம்புவதைச் சொல்லும் வேலையும் இவருடையதுதான். மேலே ஏறிப் பார்க்க மாட்டார். கீழே உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டு, "இன்னும் ரெண்டு வாளி" என்பார். இரண்டு வாளி கழித்து மோட்டாரை நிறுத்தினால் தொட்டி விளிம்போடு நிற்கும். இப்படிப்பட்ட ஆளைத் தரையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கப்பற்படை எடுத்துக்கொண்டது.

அவர் போய்ச் சேர்ந்த கப்பலுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒன்று உண்டு. மாலுமிகள் கூப்பிட்டதோ பெரியம்மா என்று. நான் ஒரு தடவை ஏறிப் பார்த்திருக்கிறேன், பெயர் பொருத்தம்தான். தலையில் பன்னிரண்டு ஹெலிகாப்டர். இடுப்பில் லாரிகளும் டாங்கிகளும் வரிசையாக நிற்கும். அறுநூறு படைவீரர்கள் அடுக்குக் கட்டிலில் தூங்குவார்கள், அவர்கள் குறட்டைக்கே கப்பல் நகரும் என்பார்கள். இரண்டு அறுவைச் சிகிச்சை அறைகளோடு ஒரு ஆஸ்பத்திரி. கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம். எந்தப் படகு எங்கே போகிறது, எந்த ஹெலிகாப்டர் எதைத் தூக்குகிறது என்று திரையில் பார்த்து உத்தரவு போட ஒரு பெரிய அறை. இதெல்லாம் வேறு கப்பல்களிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். பெரியம்மாவின் விசேஷம் அவளுடைய வயிறு.

பின்பக்கம் ஒரு கதவு. அதைத் திறந்தால் இரண்டு மாடி வீடு ஒன்று தலை குனியாமல் உள்ளே போகலாம். உள்ளே நீளமாக ஒரு கூடம். அதன் தரையில் நான்கு தட்டைப் படகுகள் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு டாங்கியையோ இரண்டு லாரிகளையோ சுமந்துகொண்டு போய் மணலில் மூக்கை வைத்து இறக்கிவிட்டு வரும். துறைமுகம் இருக்கிற ஊருக்கு எந்தக் கப்பலும் போகும். துறைமுகமே இல்லாத வெறுங்கரையில் ஆளையும் கனமான சாமானையும் இறக்குவதற்காகத்தான் இவளைக் கட்டினார்கள். போர் என்று வந்தால் எதிராளி துறைமுகத்தைத் திறந்து வைத்து வாங்க, உட்காருங்க என்று சொல்லப் போவதில்லையே. நல்லவேளையாகப் பெரியம்மாவுக்கு அந்த வேலை ஒரு தடவைகூட வரவில்லை. வந்ததெல்லாம் புயலும் வெள்ளமும்தான்.

சரி, கூடத்தில் உட்கார்ந்திருக்கும் படகு வெளியே போவது எப்படி? மிதந்து போக வேண்டும். மிதக்கக் கூடத்துக்குள் கடல் வர வேண்டும். கடல் வரக் கப்பலின் பின்பக்கம் இறங்க வேண்டும். அதற்காகக் கப்பலின் அடியில் உள்ள தொட்டிகளில் ஆயிரக்கணக்கான டன் கடல்நீரை ஏற்ற வேண்டும். இடப்பக்கம் கொஞ்சம் கூடினால் சாயும், அவசரப்பட்டு ஏற்றினால் மேலே நிற்கும் ஹெலிகாப்டர் உருளும். வேலை முடிந்ததும் அழுத்தக் காற்றை அடித்து அவ்வளவு தண்ணீரையும் வெளியே தள்ளி எழுப்ப வேண்டும். ரசமட்டத்தின் வேலை இதுதான். மாலுமிகள் மொழியில் சொன்னால், பெரியம்மாவை உட்கார வைத்து எழுப்பி விடுவது.

இதை அவர் செய்தது தொட்டி அறை என்ற ஓர் அறையில். ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க அளவுமுள்கள், மேசை முழுக்கத் திருகு பொத்தான்கள். வேலை நேரத்தில் அவர் கடலைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எவ்வளவு கடல் உள்ளே வந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். மேசை ஓரத்தில் அப்பாவின் பழைய ரசமட்டத்தைத் திருகாணி போட்டு இறுக்கி வைத்திருந்தார். கருவிகள் ஆயிரம் சொன்னாலும் கடைசி வார்த்தை குமிழியுடையது.

கப்பலை உட்கார வைப்பதற்கு முன்னால் அடியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பெரியம்மா தரை தட்டி உட்கார்ந்துவிடுவாள். அதனால் துறைமுக அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டு, வரைபடத்தில் உள்ள ஆழத்துக்கு மேல் கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நீர்மட்டம் கேட்பார். அங்கே நீர்மட்டம் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தவள் என் தம்பி மகள்.

"நீர்மட்டம் எவ்வளவுங்க?"

"ரெண்டு மீட்டர் பத்து."

"ஏறுதா, இறங்குதா?"

"இறங்குது."

"நன்றி."

இதைக் கேட்டால் காதல் என்று யாருக்காவது தோன்றுமா? எட்டு மாதம் இப்படியே போனது. ஒன்பதாவது மாதம் பெரியம்மாவைப் பழுதுபார்க்கக் கரையேற்றினார்கள். அடியில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் மரக்கட்டைகள் மேல் நின்றாள். அப்போதும் காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"உங்க கப்பல் தரையில இல்ல நிக்குது?" என்றாள் இவள்.

"ஆமா."

"அப்புறம் எதுக்கு நீர்மட்டம்?"

"கேட்டுப் பழகிடுச்சு," என்றார்.

"ஒரு மீட்டர் தொண்ணூறு," என்றாள். "ஏறுது."

அன்று மாலையே என்னிடம் வந்தாள். "அத்தை, அவருக்குப் பேசவே தெரியல."

"உனக்கு?"

"எனக்கும்தான்."

"அப்புறம் என்ன, சண்டை போடக்கூட ஆள் இருக்காது. அப்பாகிட்ட நான் பேசறேன்," என்றேன்.

பேசியிருக்கக் கூடாது. என் தம்பி, அதாவது அவளுடைய அப்பா, கப்பல் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மதிப்பீட்டாளர். கப்பல் மூழ்கினால் ஏன் மூழ்கியது, யார் தப்பு என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது தொழில். முப்பத்தோரு வருஷத்தில் அறுபத்திரண்டு கப்பல். அத்தனைக்கும் படம் எடுத்துச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தான். மற்றவர்கள் வீட்டில் முன்னோர் இருக்கும் இடத்தில் இவன் வீட்டில் கவிழ்ந்த சரக்குக் கப்பல்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு பார்த்ததால் மிதக்கிற எதன் மேலும் அவனுக்கு நம்பிக்கை போய்விட்டது. தரை தட்டியதில் ஏறுவான், மிதப்பதில் காலை வைக்க மாட்டான். குளியல் தொட்டியைக்கூடச் சந்தேகமாகத்தான் பார்ப்பான்.

ரசமட்டம் வந்தார். சலவைச் சட்டை, பளபளத்த காலணி. உட்கார்ந்ததும் தேநீர் மேசை ஆடுவதைப் பார்த்தார், பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நான்காக மடித்து மேசைக் காலுக்கு அடியில் செருகினார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

"தம்பி, கப்பல்ல என்ன வேலை?" என்றான் என் தம்பி.

"இறக்கறது சார்."

"சாமானையா?"

"இல்ல சார், கப்பலை."

"எங்க இறக்கறீங்க?"

"தண்ணிக்குள்ளதான்."

என் தம்பி கையிலிருந்த கோப்பையை வைத்தான். "வேணும்னே?"

"உத்தரவு வந்தா மட்டும் சார்."

"இதுவரைக்கும் எத்தனை தடவை?"

"முந்நூத்திப் பதினொண்ணு."

முப்பத்தோரு வருஷத்தில் அறுபத்திரண்டு பார்த்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்? நான் பேச்சை மாற்றுவதற்காக, சுவரில் இருக்கும் படங்களைப் பாருங்கள் என்றேன். அது அடுத்த தப்பு. அவர் எழுந்து போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினேழாவது படத்தின் முன்னால் நின்று தலையைச் சாய்த்தார். என் தம்பி விருது வாங்கிய அறிக்கை அந்தக் கப்பலைப் பற்றியதுதான்.

"இது சரியா மூழ்கல சார்," என்றார் வருத்தத்தோடு. "வலது பக்கம் மட்டும் தண்ணி போயிருக்கு. கொஞ்சம் கவனமா செஞ்சிருந்தா நேரா உக்காந்திருக்கும்."

அவர் போன பிறகு என் தம்பி அந்தப் பதினேழாவது படத்தைத் துடைத்து மாட்டினான். பிறகு என்னிடம் சொன்னான்: "அக்கா, திருடன் வீட்டுக்குப் பொண்ணு குடுத்தா திருந்துவான்னு நம்பலாம். இவனைத் திருத்த முடியாது. இவனுக்குச் சம்பளமே இதுக்குத்தான்."

"எழுப்பவும் செய்யறாருடா."

"என் கண்ணு முன்னாடி ஒரு கப்பலை மூழ்க வச்சு, முழுசா மேல கொண்டு வந்து காட்டச் சொல்லு. அப்புறம் பேசலாம்."

இது நடக்கவே நடக்காது என்ற தைரியத்தில் சொன்னது. கையோடு வேறு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டான். கலங்கரை விளக்கத்தில் பொறியாளராம்.

"பாறை மேல கட்டினது. நூத்திருபது வருஷமா ஒரு அங்குலம்கூட இறங்கல," என்றான்.

"மாப்பிள்ளையைச் சொல்றியா, விளக்கைச் சொல்றியா?"

"ரெண்டும்தான். ஞாயித்துக்கிழமை வர்றாங்க. முடிவு பண்ணிடப் போறேன்."

தம்பி மகள் அழவில்லை, கத்தவில்லை. "ஞாயித்துக்கிழமை நான் ட்யூட்டி போட்டுக்கறேன் அத்தை," என்று மட்டும் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போடலாம். எல்லா ஞாயிற்றுக்கிழமைக்கும் போட முடியுமா?

வியாழக்கிழமை புயல் வந்தது. ஓடுகள் பறந்தன, என் வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வை மூன்று தெரு தள்ளி ஒரு தந்திக் கம்பத்துக்குப் போர்த்தியிருந்தது. துறைமுகப் பாலம் உடைந்தது. தூர்வாரும் கப்பல் ஒன்று அறுத்துக்கொண்டு போய்த் துறைமுக வாயில் குறுக்கே படுத்துவிட்டது. ஊருக்கு வரும் சாலையில் ஆற்றுப்பாலம் இல்லை. வெள்ளி மாலைக்குள் குடிதண்ணீர் தீர்ந்தது. ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்தது. தம்பி மகள் துறைமுகக் கோபுரத்திலேயே வானொலிப் பெட்டியும் பேட்டரியுமாகத் தங்கிவிட்டாள்.

சனிக்கிழமை காலை எழுந்து பார்த்தால், கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் பெரியம்மா நிற்கிறாள். ஊரே மணலில் கூடிவிட்டது. நானும் போனேன். என் தம்பி தொலைநோக்கியோடு நின்றான்.

"அக்கா, பின்பக்கம் இறங்குது," என்றான்.

"இறங்கட்டும். அதானே அந்தப் பையன் வேலை."

"வேலை செய்யறதுக்கும் கோட்டை விடறதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? அறுபத்திரண்டு கப்பல் பாத்திருக்கேன்."

"எல்லாம் மூழ்கினப்புறம் பாத்தது. மூழ்கறதை ஒண்ணுகூடப் பாத்ததில்லையே."

"அதான் இப்ப பாக்கறேன். பின்கதவு திறந்து கிடக்கு. தண்ணி உள்ள போகுது. பாரு, ஹெலிகாப்டரெல்லாம் ஒண்ணு விடாம கிளம்பி ஓடுது. ஆளுங்க ஆரஞ்சு மிதவைச் சட்டை போட்டு வரிசையா நிக்கறாங்க. அடியில இருந்து ஒரு படகு வெளில வருது. கப்பலைக் கைவிடறப்ப வரிசையா என்னென்ன நடக்கும்னு நான் புத்தகத்துல எழுதியிருக்கேன் அக்கா. அப்படியே நடக்குது."

அவன் சொல்லச் சொல்ல எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஹெலிகாப்டர் மருந்து கொண்டு வரப் புறப்பட்டது என்றும், படகில் குடிதண்ணீர் வருகிறது என்றும் அந்தத் தூரத்திலிருந்து யாருக்குத் தெரியும்?

அவன் முகத்தில் முதலில் வந்தது வெற்றி. நான் சொன்னேன் பார்த்தாயா என்ற முகம். அரை நிமிஷம் இருந்திருக்கும். பிறகு அது வடிந்துவிட்டது.

"அவன் கீழ இல்ல இருப்பான்? ஜன்னல் இல்லாத ரூம்னு சொன்னானே."

"ஆமாம்டா."

"அங்கேருந்து வெளில வர ஒரே வழிதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு ஓடினான். கால்சட்டையைக்கூட மடித்துவிடவில்லை. படகுக்காரர்கள் நின்ற இடத்துக்குப் போய், அவர்களுக்குத் தலைவர் போல இருந்த மீசை என்பவரைப் பிடித்தான்.

"கப்பல் மூழ்குது. கயிறு, மிதவை எல்லாத்தையும் எடுங்க."

மீசை கடலைப் பார்த்தார். "சார், அது நமக்கு உதவி பண்ண வந்த கப்பலாச்சே."

"அதுக்குத்தான் இப்ப உதவி வேணும்."

அவன் மதிப்பீட்டாளர் என்பது ஊருக்கே தெரியும். மூழ்கும் கப்பலைப் பற்றி அவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? பதினொரு படகு கிளம்பியது. முதல் படகில், மிதக்கிற எதிலும் கால் வைக்காத என் தம்பி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. மாமனாரிடமும் மருமகனிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப்போகாததை விட்டுவிட்டு, விட்ட இடத்தில் நானே கொஞ்சம் போட்டு நிரப்பி எழுதுகிறேன்.

கப்பலின் மேல்மாடத்தில் கேப்டன் தொலைநோக்கியை இறக்கினார். "என்ன அது?"

"மீன்படகுங்க சார்."

"எதுக்கு வருது?"

"கயிறு, மிதவையெல்லாம் வச்சிருக்காங்க. பாத்தா நம்மளைக் காப்பாத்த வர்ற மாதிரி இருக்கு சார்."

கேப்டன் இருபது வருஷமாகக் கடலில் இருப்பவர். இதற்கு என்ன உத்தரவு போடுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பின்கதவில் நின்ற மாலுமிகள் இரண்டு கையையும் ஆட்டி விலகிப் போகச் சொன்னார்கள். தூரத்திலிருந்து பார்த்தால், போ என்று ஆட்டுகிற கையும் வா என்று ஆட்டுகிற கையும் ஒரே மாதிரிதான். "பாவம், கூப்பிடறாங்க. வேகமா விடுங்க," என்றான் என் தம்பி.

மீசை வேகமாக விட்டார். பின்கதவருகே ஒரு அலை படகைத் தூக்கி அப்படியே பெரியம்மாவின் வயிற்றுக்குள் கொண்டுபோய்விட்டது. உள்ளே சுவரை ஒட்டி ஆட்கள் நடக்க ஒரு மேடை உண்டு. அலை படகை அதன் மேல் ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் போனது. படகு பாதி மேடையிலும் பாதி அந்தரத்திலுமாக நின்றது. அதன் பின்பாதி நீட்டிக்கொண்டிருந்த வழியில்தான் இரண்டாவது தட்டைப் படகு போக வேண்டும். அதில் இரண்டு தண்ணீர் லாரியும் நான்கு மருத்துவர்களும் இருந்தார்கள்.

ஒரு மாலுமி ஓடி வந்தார். "யாருங்க நீங்க?"

"காப்பாத்த வந்திருக்கேன். எல்லாரும் வரிசையா ஏறுங்க. முதல்ல தொட்டி ரூம்ல இருக்கறவரைக் கூட்டிட்டு வாங்க."

"இந்தக் கூடத்துல மட்டும் நாப்பது பேர் இருக்கோம் சார். உங்க படகுல எத்தனை பேர் ஏறலாம்?"

"எட்டு," என்றார் மீசை.

"எட்டெட்டா வாங்க," என்றான் என் தம்பி.

மாலுமி சுவரிலிருந்த பேசியை எடுத்தார். "ரசமட்டம், ஒரு மீன்படகு மேடையில ஏறி உக்காந்திருக்கு. இழுத்தா அடி கிழிஞ்சிடும். ரெண்டாம் நம்பர் போக முடியல."

"எவ்வளவு உயரத்துல இருக்கு?" என்று ஒலிபெருக்கியில் குரல் வந்தது.

"ஒரு முழம்."

"அப்ப இன்னொரு முழம் இறக்கறேன்."

அந்தக் குரல் யாருடையது என்று என் தம்பிக்குத் தெரிந்துவிட்டது. மாலுமி கையிலிருந்த பேசியைப் பிடுங்கினான். "தம்பி, இறக்காதீங்க. எவ்வளவு இறக்குவீங்க? தூக்குங்க, மேல தூக்குங்க."

"சார், நீங்களா?"

"நான்தான்."

"எங்க நிக்கறீங்க?"

"படகுல."

"படகுல எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"அப்படியே நில்லுங்க சார், அசையாதீங்க. உங்க எடை அந்தப் பக்கம் இருக்கறது எனக்கு உதவியா இருக்கு."

என் தம்பி அசையவில்லை. அசைய அவனால் முடியவும் இல்லை. ஒலிபெருக்கியில் அடுத்த கேள்வி வந்தது.

"துறைமுகம், நீர்மட்டம்?"

"ரெண்டு மீட்டர் நாப்பது," என்றது ஒரு பெண் குரல். "ஏறுது."

இருபத்தேழு வருஷமாக வீட்டில் கேட்ட குரல். ஆனால் ஓர் எண்ணை அவ்வளவு மென்மையாக அவள் சொல்லி அவன் கேட்டதில்லை.

"உங்க அப்பா இங்கதான் இருக்கார்," என்றார் ரசமட்டம்.

"எங்க?"

"வயித்துல."

"நல்லா இருக்காரா?"

மாலுமி எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ஒரு செருப்பு போயிடுச்சு."

தண்ணீர் ஏறியது. வேகமாக இல்லை, தொட்டியில் கடைசி இரண்டு வாளி விழுகிற நிதானத்தில். மேடையைத் தொட்டது, மேடையை மூடியது. படகு லேசாக அசைந்து, ஒரு கீறல் இல்லாமல் மிதந்தது. என் தம்பி மேடைக்குத் தாவி, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டான். மீசை படகைப் பின்னால் எடுத்தார். தண்ணீர் லாரிகளும் மருத்துவர்களும் வெளியே போனார்கள். அதைப் பார்த்ததும்தான் மீசைக்கு விஷயம் விளங்கியது. மற்றப் பத்துப் படகுகளையும் கூட்டிக்கொண்டு, தட்டைப் படகு போக முடியாத பாறைக் கரைகளுக்குத் தண்ணீர்ப் பீப்பாய் சுமக்க ஆரம்பித்துவிட்டார். அந்த உற்சாகத்தில், கூட்டி வந்த ஆளை மறந்துவிட்டார்.

என்ன செய்வது என்று தெரியாமல் என் தம்பியை ஒற்றைச் செருப்போடு தொட்டி அறைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஆறு மணி நேரம் அங்கே இருந்தான். படகுகள் போவதும் வருவதுமாக இருந்தன. ஒவ்வொரு லாரி இறங்கும்போதும் கப்பலின் எடை மாறும். ரசமட்டம் ஒரு தொட்டியில் கொஞ்சம் ஏற்றுவார், இன்னொன்றில் கொஞ்சம் இறக்குவார். பேச்சு அதிகம் இல்லை.

"தொட்டி நிரம்பினது எப்படித் தெரியும்?"

"முள்ளு காட்டும் சார். அதுக்கு முன்னாடி சத்தம் மாறும்."

"தப்பாப் போனா?"

"இதுவரைக்கும் போகல."

"போனா?"

"உங்களுக்குத்தான் சார் தகவல் வரும்."

கடைசிப் படகும் திரும்பி வந்தது. பின்கதவை நோக்கிச் சாய்ந்திருந்த மேசையில், அப்பாவின் ரசமட்டத்துக் குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ரசமட்டம் காற்றைத் திறந்தார். கப்பலின் அடிவயிற்றிலிருந்து நீளமான பெருமூச்சு ஒன்று வந்ததாம். குமிழி அசைந்தது. என் தம்பி தன் மூக்கு அதில் முட்டும் அளவுக்குக் குனிந்துகொண்டான். முப்பத்தோரு வருஷத்தில் அவன் எதுவும் எழுந்து பார்த்ததில்லை. குமிழி மெல்ல மெல்ல நகர்ந்து வந்து, நடுக்கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றுவிட்டது.

ரசமட்டம் குமிழியைப் பார்த்தார். அளவுமுள்களைப் பார்த்தார். பிறகு என் தம்பியைப் பார்த்தார்.

"சார், நாற்காலியை ரெண்டடி அந்தப் பக்கம் போட்டுக்கறீங்களா?"

என் தம்பி எழுந்து நாற்காலியைத் தூக்கி இரண்டடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தான். குமிழி நடுவில் வந்து நின்றது. இருபதாயிரம் டன் கப்பல் ஒரு மதிப்பீட்டாளருக்கு அசையுமா என்று கேட்காதீர்கள். அவனே சொன்னான், நான் எழுதுகிறேன்.

கலங்கரை விளக்கத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, வரப் பாலம் இல்லை. தொலைபேசி வேலை செய்ததும் என் தம்பியே கூப்பிட்டு, "எங்க பொண்ணுக்கு உயரம் ஒத்துக்காதுங்க" என்று முடித்துவிட்டான். பிறகு மேசையில் உட்கார்ந்து ஓர் அறிக்கை எழுதி, கையெழுத்துப் போட்டு, மகளிடம் கொடுத்தான். இன்னும் அவளிடம் இருக்கிறது.

"ஆய்வு செய்யப்பட்ட கப்பல்: ஒன்று. மூழ்கியதா: ஆம், பின்பக்கம், இரண்டரை மீட்டர். எழுந்ததா: ஆம், முழுமையாக, என் கண் முன்னால். காரணம்: பொறுப்பாளரின் கவனம். இழப்பு: மதிப்பீட்டாளரின் இடது செருப்பு. பரிந்துரை: பொறுப்பாளரைக் குடும்பத்தில் சேர்த்துக்கொள்வதில் ஆட்சேபம் இல்லை."

வரவேற்பறையில் அறுபத்து மூன்றாவதாக ஒரு படம் மாட்டினான். அதில் மட்டும் கப்பல் நேராக நிற்கும்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட அன்று வாசலில் மரப் படிக்கட்டில் நிற்க வைத்து எல்லோரையும் படம் எடுத்தார்கள். படத்தில் நான் மட்டும் ஏன் இடது ஓரத்தில் தனியாக நிற்கிறேன் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நான் நடுவில்தான் நின்றேன். படம் எடுப்பவர் தயாரான நேரத்தில் மாப்பிள்ளை கூட்டத்தைப் பார்த்தார், படிக்கட்டுப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பெரியம்மா, நீங்க மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க."

மாமனாரின் அக்கா பெரியம்மா முறைதான், மறுக்க முடியாது. ஆனால் அன்று அவர் கூப்பிட்ட தொனியில், உறவு பாதிதான் இருந்தது.